கண்ணுக்கு ஒரு சொட்டு, காட்டுக்கு ஒரு டேங்க்

'பூச்சிக்கொல்லி' என்ற சொல் கடைப் பலகையிலும் வேளாண் துறைத் துண்டறிக்கையிலும்தான் இருக்கிறது. தோட்டத்துக்குள் வந்துவிட்டால் அதுக்குப் பேரு 'மருந்து'. "கத்தரிக்கு மருந்தடிச்சாச்சா?", "தென்னைக்கு வேர்ல மருந்து கட்டோணும்" என்றுதான் ஆனைமலைப் பக்கம் பேசுகிறோம். காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து, காய்ப்புழுவுக்கு அடிப்பதும் மருந்து. ஒரே சொல்.

அது மருந்து இல்லை, நஞ்சு என்று நம் இயக்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறோம். நானும் என் தென்னந்தோப்புக்கு வருகிறவர்களிடம் அதையே சொல்லி வந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். கிளாக்கோமா. காட்டப்போன இடத்தில் இருந்த வயதான கண் மருத்துவர் பேச்சுவாக்கில் கேட்டார்: "ஏனுங்க, தோட்டத்துக்காரரா நீங்க? ஒரு காலத்துல இந்த நோய்க்கு உங்க பாலிடாலோட பங்காளியைத்தானுங்க சொட்டு மருந்தா கண்ணுல விட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலிடால் என்றால் நம் ஊரில் சாவுக்கு இன்னொரு பெயர். அதன் பங்காளி கண்ணுக்குள்ளேயா? அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். தெரிந்த மருத்துவர்களிடமும் வேளாண் அறிவியல் படித்தவர்களிடமும் கேட்டேன். அவர் சொன்னது உண்மைதான். அந்தக் கதையை உழவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். அதே பொருள் மருந்தாகவும் இருந்திருக்கிறது. மருந்தாக வைத்திருந்தவர்கள் பயந்து அதை ஒதுக்கினார்கள். நாம் ஒதுக்கவில்லை.

கண்ணுக்குள்ளே ஒரு வாய்க்கால்

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நம் கண்ணின் முன்பகுதியில் தெளிவான நீர் ஒன்று ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. இந்த நீர் கருவிழித் திரைக்குப் பின்னால் ஊறி, கண்மணி வழியாக முன்னால் வந்து, விழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கிறவரை கண்ணுக்குள் அழுத்தம் சரியாக இருக்கும்.

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பில்டர் அடைத்துக்கொண்டது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, என்ன ஆகும்? அழுத்தம் ஏறும். கண்ணில் அப்படி ஏறும் அழுத்தம் பின்னால் இருக்கும் பார்வை நரம்பை மெல்ல மெல்ல அரிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு வலி இருக்காது. முதலில் பக்கவாட்டுப் பார்வை போகும். நேரே பார்ப்பது நன்றாகத் தெரிவதால் ஆளுக்கே தெரியாது. போன பார்வை திரும்ப வராது.

வடிகாலைத் திறந்துவிட என்ன வழி? கண்ணுக்குள் இருக்கும் ஒரு சிறு தசையைச் சுருங்கச் செய்தால் அந்தச் சல்லடை இழுபட்டு விரிந்துகொடுக்கும். கண்மணியும் கடுகளவாகச் சுருங்கும். நீர் வடியும், அழுத்தம் இறங்கும். அந்தத் தசையைச் சுருக்கும் பொருளைத் தேடியபோது முதலில் கிடைத்தது ஓர் அவரை விதை.

குற்றவாளியைச் சோதித்த அவரை

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் கேளாபார் பகுதியில், கொடியில் காய்க்கும் ஒரு நச்சு அவரை உண்டு. அங்கே வாழும் எஃபிக் மக்கள் அந்தக் காலத்தில் ஒருவரைக் குற்றவாளி என்று சந்தேகித்தால் இந்த விதையைத் தின்னக் கொடுத்தார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. செத்தால் குற்றவாளி.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த விதை ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1855ல் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் அதில் கொஞ்சத்தைத் தானே தின்று பார்த்து, பட்ட பாட்டை எழுதி வைத்தார். 1863ல் அதே ஊரைச் சேர்ந்த ஆர்கைல் ராபர்ட்சன் என்ற கண் மருத்துவர் அதன் சாற்றைக் கண்ணில் விட்டால் கண்மணி சுருங்குகிறது என்று கண்டார். அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு பைசோஸ்டிக்மின் என்று பெயர். 1870களில் லுட்விக் லாக்குவர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் அதைக் கிளாக்கோமாவுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். அவருக்கே கிளாக்கோமா இருந்தது.

இந்த அவரைக்கு இன்னொரு வாரிசும் உண்டு. பைசோஸ்டிக்மினின் வேதி அமைப்பில் கார்பமேட் என்ற ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பார்த்தே பிற்காலத்தில் பூச்சிகளுக்கான கார்பமேட் நஞ்சுகளைச் செய்தார்கள். அவற்றில் பெரிய அளவில் விற்றது கார்பரில். நம் உழவர்களுக்கு 'செவின்' தூள் என்றால் தெரியும். 1984 டிசம்பரில் போபாலில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சு வாயு, அந்தச் செவின் தயாரிக்க வைத்திருந்த மூலப்பொருள்.

மடையை அடைக்க ஆள் இல்லாவிட்டால்

கண்மணியைச் சுருக்குகிற பொருள் பூச்சியை எப்படிக் கொல்கிறது?

நரம்பு ஒரு தசைக்கு 'சுருங்கு' என்று சொல்ல, அசிட்டைல்கோலின் என்ற பொருளைத் தூதாக அனுப்புகிறது. தூது போய்ச் சேர்ந்ததும் தசை சுருங்கும். சேதி சொன்ன தூதை உடனே அப்புறப்படுத்த வேண்டும். அதற்கென்று ஒரு நொதி இருக்கிறது: அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். கண் இமைக்கும் நேரத்துக்குள் தூதை உடைத்துவிடும். தசை தளரும், அடுத்த சேதிக்குத் தயாராகும்.

வாய்க்கால் பாசனத்தில் பார்த்தால், மடையைத் திறந்துவிடுவது தூது. பாத்தி நிறைந்ததும் மடையை அடைக்கிற ஆள் அந்த நொதி. அந்த ஆளின் கையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? ஒரு பாத்தி நிறைந்து, அடுத்தது நிறைந்து, வரப்பு உடைந்து தோட்டமே மூழ்கும். கார்பமேட்டுகளும், ஆர்கனோபாஸ்பேட் எனப்படும் பாஸ்பரஸ் நஞ்சுகளும் செய்வது இதையே. கார்பமேட் கட்டும் கட்டு சில மணி நேரத்தில் தானாக அவிழும். பாஸ்பரஸ் நஞ்சு போடும் முடிச்சு அப்படி அவிழாது. உடம்பு புதிதாக நொதியை உண்டாக்கிக்கொள்ள நாட்களும் வாரங்களும் ஆகும்.

கண்ணில் மட்டும், ஒரே ஒரு பாத்தியில் மட்டும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி வைப்பதுபோல இதைச் செய்தால் அழுத்தம் இறங்கும். அதுவே உடம்பு முழுக்கப் பரவினால் எச்சில் ஒழுகும், வியர்வை கொட்டும், நெஞ்சில் சளி நிறையும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சுவிடும் தசையே நின்றுபோகும். இந்த நொதி பூச்சிக்கும் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. தேனீக்கு, மண்புழுவுக்கு, ஆழியாற்று மீனுக்கு, கருந்தலைப் புழுவைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிக்கு, மாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் இருக்கிறது. "பூச்சியை மட்டும் கொல்லும்" என்று கடைக்காரர் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சிக்குத் தேடியதில் கிடைத்தவை

1932ல் பெர்லினில் வில்லி லாங்கே, கெர்டா ஃபான் குரூகர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பாஸ்பரஸ் சேர்மங்கள் சிலவற்றைச் செய்தார்கள். ஆவியை முகர்ந்ததில் மூச்சு முட்டியது, பார்வை மங்கியது. அதையும் குறித்து வைத்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்பவர் புதிய பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தார். 1936 டிசம்பரில் அவர் செய்த ஒரு பொருள் அசுவினியை நொடியில் கொன்றது. அடுத்த மாதம் ஆய்வகத்தில் அதில் ஒரு துளி சிந்தியபோது அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறி, தேறி வர வாரக்கணக்கில் ஆனது. அந்தப் பொருளே 'டாபுன்'. பூச்சிக்குத் தேடப்போய் ராணுவத்தின் நரம்பு நச்சாக முடிந்தது. 1938ல் 'சாரின்' வந்தது.

அதே ஷ்ராடர் போர்க்காலத்தில் இன்னும் பல பாஸ்பரஸ் சேர்மங்களைச் செய்து எண் கொடுத்து வைத்தார். அதில் 600 என்ற எண் கொண்டது பாராக்சான். 605 என்ற எண் கொண்டது பாராத்தியான். பாராத்தியான் பூச்சிக்கொல்லியாக உலகமெங்கும் போனது. 'ஃபாலிடால்' என்ற வணிகப் பெயரில் நம் நாட்டுக்கும் வந்தது. நம் ஊர் நாக்கில் பாலிடால், பாலிடாயில்.

அப்போ 600? அது கண் மருத்துவத்துக்குப் போனது. 'மிண்டகால்' என்ற பெயரில் கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்தாக விற்றது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாராத்தியான் உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை மாற்றுகிறது. மாறி வருவது பாராக்சான். ஆளைக் கொல்வது அந்த மாறிய வடிவம்தான். ஆக, பாலிடால் குடித்தவர் உடம்பில் உண்டாவதும், கிளாக்கோமா நோயாளியின் கண்ணில் விட்டதும் ஒரே பொருள். மருத்துவர் 'பங்காளி' என்றது இதைத்தான்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்தது இதே கதை. போர்க்கால நச்சு ஆராய்ச்சியில் வந்த டி.எஃப்.பி. என்ற பொருள் கண்மணியை நாள்கணக்கில் சுருக்கி வைப்பதைப் பார்த்து, 1946ல் அமெரிக்க மருத்துவர்கள் லியோபோல்டும் கம்ரோவும் அதைக் கிளாக்கோமாவுக்குப் பயன்படுத்தி எழுதினார்கள். 1950களின் கடைசியில் எக்கோதியோபேட் என்ற இன்னொரு பாஸ்பரஸ் சொட்டு வந்தது. ஒரு சொட்டு விட்டால் நாள் முழுவதும் வேலை செய்யும்.

கண் மருத்துவம் ஏன் கைவிட்டது?

நோயாளிகளுக்கு அழுத்தம் இறங்கியது உண்மை. ஆனால் மருத்துவர்கள் அத்தோடு நிற்கவில்லை, தொடர்ந்து கவனித்தார்கள். கண்மணி சுருங்கியே இருப்பதால் இருட்டில் பார்வை குறைந்தது. புருவத்தில் வலி வந்தது. 1960களில், இந்தச் சொட்டை நீண்ட நாள் விட்டவர்களுக்குக் கண்புரை வருவதாக ஆய்வுகள் வெளிவந்தன.

அதைவிடப் பெரியது ஒன்று. கண்ணில் விட்ட சொட்டு கண்ணோடு நிற்கவில்லை. கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலந்தது. ரத்தத்தில் உள்ள நொதி அளவு குறைந்தது. அப்படிப்பட்ட நோயாளிக்கு அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் ஒருவகை ஊசியைப் போட்டால், அதை உடைக்க நொதி இல்லாமல் மூச்சு நெடுநேரம் திரும்பாமல் போகும் ஆபத்து இருந்தது.

எக்கோதியோபேட்டின் மருந்துக் குறிப்பிலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. உழவர்கள், தோட்ட வேலை செய்கிறவர்கள், பூச்சிக்கொல்லித் தொழிற்சாலை ஆட்கள் இந்தச் சொட்டைப் பயன்படுத்தினால், தெளிக்கும் நஞ்சும் இதுவும் சேர்ந்து உடம்பைத் தாக்கும். முகமூடி போட வேண்டும், அடிக்கடி கழுவ வேண்டும், துணி மாற்ற வேண்டும் என்கிறது அது. வயலில் அடிப்பதும் கண்ணில் விடுவதும் ஒரே கணக்கில் சேரும் என்று மருந்துக் கம்பெனியே அச்சிட்டு வைத்தது. நம் பூச்சிக்கொல்லி டப்பாவின் சீட்டில் இவ்வளவு தெளிவாக யார் நமக்குச் சொன்னார்கள்?

1978ல் டிமோலால், 1996ல் லட்டனோபிராஸ்ட் என்று வேறு வழியில் வேலை செய்யும் சொட்டுகள் அமெரிக்காவில் அனுமதி பெற்று உலகமெங்கும் பரவின. பாஸ்பரஸ் சொட்டுகள் கண் மருத்துவத்திலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயின. அப்பாவுக்குக் கொடுத்த சொட்டில் அந்த வம்சமே கிடையாது.

ஆனைமலைத் தோப்பில் அளவு என்ன?

எக்கோதியோபேட் சொட்டு மருந்தில் ஓர் அளவு 0.125 சதவீதம். ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்தால் அதில் இருக்கும் நஞ்சு ஒரு மில்லிகிராமில் 16ல் ஒரு பங்கு, நம் பழைய கணக்கில் மாகாணி. அந்த மாகாணி மில்லிகிராமுக்கே மருத்துவர் சீட்டு, மாதாமாதம் சோதனை, எச்சரிக்கை.

இப்போது நம் தோப்புக்கு வருவோம். 1998ல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஈரியோபைட் சிலந்தி தென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. சீக்கிரமே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி பொள்ளாச்சி, ஆனைமலை, கோட்டூர், வேட்டைக்காரன்புதூர் எங்கும் பரவியது. குரும்பையில் முக்கோணமாக வெளிறி, பழுப்பாகி, வெடித்து, காய் சிறுத்துப் போனது. அதற்குச் சொன்ன பரிந்துரை வேர் வழி மோனோகுரோட்டோபாஸ். பென்சில் பருமன் வேரைத் தேடிச் சரிவாகச் சீவி, 15 மில்லி நஞ்சும் 15 மில்லி தண்ணீரும் ஊற்றிய பாலித்தீன் பையை வேரில் கட்ட வேண்டும். 45 நாள் காய் பறிக்கக் கூடாது.

மோனோகுரோட்டோபாஸும் பாஸ்பரஸ் வம்சம். 36 சதவீதக் கரைசலில் 15 மில்லி என்றால் 5.4 கிராம் நஞ்சு. ஏக்கருக்கு 70 மரம் என்றால் 378 கிராம். கண்ணில் விட்ட சொட்டோடு ஒப்பிட்டால் ஒரு மரத்துக்கே 86,000 மடங்குக்கு மேல். இரண்டும் வேறு வேறு சேர்மங்கள், வீரியமும் வேறு. ஆகவே இது நேருக்கு நேர் ஒப்பீடு ஆகாது. ஆனாலும் ஒரே நொதியைக் கட்டுகிற இரண்டு பொருளை இரண்டு இடத்தில் எப்படிக் கையாண்டோம் என்று இந்தக் கணக்கு காட்டுகிறது. அங்கே மருத்துவர் கையில் சொட்டு. இங்கே கூலிக்கு வந்த ஆள் கையில் கையுறை இல்லாமல் லிட்டர் கேன்.

45 நாள் கணக்கை இளநீர் வண்டிக்காரர் எத்தனை பேர் கேட்டிருப்பார்? எத்தனை தோப்பில் எழுதி வைத்திருப்பார்கள்?

எங்கள் ஊரில் தோட்டம் தோட்டமாக மருந்தடிக்கப் போகும் அண்ணன் ஒருவர் உண்டு. ஒருநாள் சாயங்காலம் என் தோப்பு வழியாக வந்தவர், "தம்பி, கண்ணு என்னமோ மங்கலா இருக்குதப்பா. பொழுது இன்னும் விழுகலியே, எனக்கு மட்டும் இருட்டிக்கிட்டு வருது" என்றார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. கண்ணைப் பார்த்தால் கண்மணி குண்டூசி முனை அளவு. நல்லவேளை, உடனே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அட்ரோபின் ஊசி போட்டு இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அன்று காலையிலிருந்து அவர் காய்கறிக்கு அடித்தது ஒரு பாஸ்பரஸ் நஞ்சு.

மிண்டகால் விட்ட நோயாளிக்கும் கண்மணி இப்படித்தான் சுருங்கியிருக்கும். அவருக்கு அது சிகிச்சை. அண்ணனுக்கு உயிர் போகும் வழி.

பட்ட பிறகு வந்த தடைகள்

1958ல் கேரளத்தில் கப்பலில் ஃபாலிடாலோடு சேர்ந்து வந்த கோதுமை மாவில் நஞ்சு கலந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் விளைவே 1968ன் பூச்சிக்கொல்லிகள் சட்டம். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். காய்கறிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2005லேயே தடை இருந்தது. ஆனால் வேறு பயிருக்கு என்று அதே கடையில், அதே அலமாரியில் கிடைத்தது.

2018ல் ஒன்றிய அரசு மீத்தைல் பாராத்தியான், கார்பரில் உள்ளிட்டவற்றைத் தடை செய்தது. போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் போன்றவை 2020 இறுதியோடு நிறுத்தப்பட்டன. 2023 தொடக்கத்தில், தற்கொலைகளைத் தடுக்க மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், புரபனோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட 6 நஞ்சுகளின் விற்பனையைத் தமிழ்நாடு அரசு 60 நாட்களுக்கு நிறுத்தியது. அதே ஆண்டு ஒன்றிய அரசு மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலையும் நிறுத்தும் ஆணையைக் கொண்டுவந்தது.

பக்கத்து நாடான இலங்கை 1995லேயே மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய நஞ்சுகளை நிறுத்திவிட்டது. அடுத்த பத்தாண்டில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் அதனால் விழவில்லை.

பாஸ்பரஸ் வம்சத்தில் இன்னும் பல கடையில் இருக்கின்றன. ஒன்றைத் தடுத்தால் அதன் தம்பி வேறு பெயரில் வருகிறான். வம்சம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உழவர் கடமை.

இயற்கை என்பதாலேயே நல்லதாகிவிடாது

நம் பக்கத்துக்கும் ஒரு பாடம் இதில் இருக்கிறது. இந்தக் கதை தொடங்கியது ஓர் அவரை விதையில். அது முழுக்க இயற்கை, முழுக்க நஞ்சு. நாம் எளிதாகச் சொல்லும் புகையிலைக் கரைசலிலும் நிகோட்டின் இருக்கிறது. அதுவும் அசிட்டைல்கோலின் போய்ச் சேரும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது; தோல் வழியாகவும் ஏறும். இமிடாகுளோபிரிட் வகை நஞ்சுகளும் அதே இடத்தைத்தான் தாக்குகின்றன. ஆகவே 'செடியில் வந்தது, ஒன்னும் பண்ணாது' என்ற பேச்சு நமக்கு வேண்டாம். புகையிலைக் கரைசலை வெறுங்கையில் கலக்க வேண்டாம். முடிந்தவரை அதைத் தவிர்த்து வேம்புக்குப் போகலாம். வேம்பின் அசாடிராக்டின் நரம்பைத் தாக்கிக் கொல்வதில்லை. பூச்சியின் பசியைக் கெடுத்து, தோலுரிப்பைக் குழப்பி வேலை செய்கிறது.

தோப்பில் என்ன செய்யலாம்?

ஈரியோபைட் சிலந்திக்கு: 10 லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லி வேப்பெண்ணெய், 200 கிராம் பூண்டு அரைத்த சாறு, 50 கிராம் பார் சோப்பு கலந்து இளங்குலைகளில் படும்படி தெளிக்கலாம். டிசம்பர்-பிப்ரவரி, ஏப்ரல்-ஜூன், செப்டம்பர்-அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று முறை. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, மட்கிய தொழுஉரம், மூடாக்கு, ஊடுபயிர். மரம் ஊக்கமாக இருந்தால் சிலந்தி இருந்தும் காய் தேறும். என் தோப்பில் சிலந்தி முழுதாகப் போகவில்லை. தழும்பு உள்ள காய் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பருப்புக் கணக்கில் நட்டம் தாங்கும் அளவுதான்.

சுருள் வெள்ளை ஈக்கு: 2016ல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் இது முதலில் பதிவானது. இதற்கு நஞ்சு அடிப்பது தீயில் எண்ணெய் ஊற்றுவது. என்கார்சியா என்ற சின்னக் குளவி இதன் குஞ்சுகளுக்குள் முட்டை வைத்து அழிக்கிறது. நஞ்சு முதலில் கொல்வது அந்தக் குளவியைத்தான். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். குளவி முட்டை வைத்த குஞ்சுகள் உள்ள ஓலையை மற்ற தோப்புக்காரர்களுக்கும் கொடுங்கள். ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இந்த ஒட்டுண்ணி பற்றிக் கேட்கலாம்.

யாருக்காவது நஞ்சு பட்டால்: கண்மணி சுருங்கல், பார்வை மங்கல், எச்சில், வியர்வை, வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சிரைப்பு இருந்தால் காத்திருக்க வேண்டாம். காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தி, துணியைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். உதவுகிறவர் வெறுங்கையோடு தொட வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள். 108க்கு அழையுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த வம்சம் என்று தெரிந்தால்தான் மாற்று மருந்து சரியாகக் கொடுக்க முடியும். ஊமத்தையில் அட்ரோபின் இருக்கிறது என்று யாராவது கைவைத்தியம் சொன்னால் கேட்க வேண்டாம். அளவு தெரியாமல் கொடுத்தால் அதுவே கொல்லும்.

கண்ணுக்கு: 40 வயது தாண்டிய எல்லோரும், வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால் அதற்கு முன்பே, கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடைச் சோதனை போதாது. கோவையிலும் பொள்ளாச்சியிலும் கண் மருத்துவமனைகள் இருக்கின்றன, முகாம்களும் நடக்கின்றன. மருத்துவரிடம் உங்கள் தோட்டத்தில், பக்கத்துத் தோட்டத்தில் என்ன அடிக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். கண்மணி சுருங்கியிருந்தால் காரணம் தேட அது உதவும். கொடுத்த சொட்டை நிறுத்தாமல் விடுங்கள். இயற்கை வேளாண்மை செய்கிறோம் என்பதற்காக மருத்துவர் கொடுத்த சொட்டை விட்டுவிட்டு மூலிகைச் சாற்றைக் கண்ணில் பிழிய வேண்டாம். அழுத்தம் ஏறுவது வெளியே தெரியாது.

ஒரு பொருளை மருந்தாக்குவது அதன் பெயர் இல்லை. யாருக்குக் கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம், கொடுத்த பிறகு யார் கவனிக்கிறார்கள், கெடுதல் தெரிந்தால் யார் நிறுத்துகிறார்கள் என்ற நான்கும் சேர்ந்துதான் ஒன்றை மருந்தாக்குகின்றன. கண் மருத்துவம் இந்த நான்கையும் கேட்டது. அதனால்தான் அந்தச் சொட்டைக் கைவிடவும் முடிந்தது. வயலில் தெளிக்கும்போது இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை கடையில் "இந்த மருந்து நல்லாக் கேக்குமுங்க" என்று எடுத்து நீட்டினால், "எந்த வம்சமுங்க இது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.